அந்த டாக்டர் கேட்டார்

பர்மாவில், தாமுவேயில் எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிறு வலித்தாலும் முதலில் என் வீட்டுக்குத்தான் தூக்கி வருவார்கள். ஓடி விளையாடி எங்காவது குதித்துவிட்டு, தின்றது வயிற்றில் தங்காமல் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் குடலேற்றம் என்போம். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தொப்புளைச் சுற்றித் தடவி, விலாவுக்குக் கீழே பிடித்து மெல்லத் தட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும். எனக்கு அந்தக் கை இருக்கிறதென்று தெருவே சொன்னது, நானும் நம்பித் தொலைத்தேன். தமிழ்ப் பிள்ளை, பர்மியப் பிள்ளை, எதிர்வீட்டுச் சீனப் பிள்ளை என்று எத்தனையோ பிள்ளைகள் என் பாயில் மல்லாந்து படுத்திருக்கின்றன. தைத்துக்கொண்டிருக்கிற தமேயினை, பர்மியப் பெண்கள் கட்டுகிற லுங்கியை, மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து வருவேன். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதற்குத் தாய்க்காரியை நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவேன். வாய்க்காரி என்று என்னைச் சொல்வார்கள். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கட்டடம் தள்ளி, ஐந்தாவது மாடியில் என் தங்கை குடியிருக்கிறாள். அவள் புருஷனுக்குப் போட்டாதாங் படகுத்துறையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஒரே மகள். எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் அந்தப் பிள்ளை பாதி எனக்கு. யாரும் அப்படிக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அம்மாவை மேமே என்று பர்மியத்தில் கூப்பிடுவாள், என்னை மட்டும் பெரியம்மா என்று தமிழில். தமிழ் நன்றாகப் புரியும், வாயைத் திறந்தால் பாதி பர்மியம்தான் வரும். கோவிட் எங்கள் தெருவில் புகுந்த அந்த மழைக்காலத்தில் அவளுக்கு ஆறு வயது.

முதலில் எனக்கு வந்தது. ஙாப்பி ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். நாலு வீட்டுக்கு நாறுகிற மீன் விழுது அது, என் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த நாள் தங்கை அதே ஜாடியை முகர்ந்துவிட்டு அழுதாள். அவள் புருஷனுக்கு நாலு நாள் இருமல். பிள்ளைக்கு இரண்டு நாள் உடம்பு கதகதவென்று இருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து முட்டைச் சோறு கேட்டாள்.

வெளியே தெரிந்தால் வார்டு அலுவலகத்திலிருந்து வந்து மாடிப்படியில் கயிறு கட்டிவிடுவார்கள், கட்டடமே முடங்கிப்போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தங்கை வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த பெண்ணை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கூட யாரையும் விடவில்லை. அவள் திரும்பி வரவேயில்லை, அவள் மகனுக்கு முகம்கூடக் காட்டவில்லை.  நம் வீட்டில் யாருக்கும் எதுவும் வரவில்லை, யார் கேட்டாலும் அதுதான் பதில் என்று எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். என் தங்கை என் பேச்சை மீறிப் பழக்கமில்லாதவள்.

சின்னப் பிள்ளை உளறிவிடும் என்று அதற்குத் தனியாகப் பாடம் நடத்தினேன். நான் வார்டு ஆபீசர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று பர்மியத்தில் கேட்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு "மஷிபு", அதாவது இல்லை, என்பாள். சிரித்தால் தோற்றாள். இரண்டாம் நாளே சிரிக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டாள். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவளே கேட்டாள். மேமேயிடமிருந்து உன்னைப் பிரித்து வண்டியில் கொண்டுபோய்விடுவார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னாள். அதுவும் எனக்கு நல்லதாகப்பட்டது.

எல்லாம் முடிந்து ஐந்து வாரம் இருக்கும். ஙாப்பி பழையபடி நாற ஆரம்பித்திருந்தது. ஒரு காலையில் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், வயிறு வலிக்கிறதாம். முந்தின நாள் மாடிப்படியில் மூன்று படியை ஒரே தாவாகத் தாண்டினாள் என்றதும், குடலேற்றம் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எண்ணெய் போட்டுத் தடவினேன், தூங்கிவிட்டாள். பார்த்தாயா என்று தங்கையைக் கேட்டேன்.

மறுநாள் காய்ச்சலும் வந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. குடல் இன்னும் இறங்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் அழுத்தித் தடவினேன். டாக்டரிடம் காட்டலாமா அக்கா என்று தங்கை மெல்லக் கேட்டாள். அப்போது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் அதிகம் இல்லை, காய்ச்சல் என்றாலே தெருமுனை கிளினிக்கில் கதவைச் சாத்தினார்கள். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. என் கைமேல் உனக்கு நம்பிக்கை இல்லையா என்றுதான் கேட்டேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

மூன்றாம் நாள் கண் இரண்டும் சிவந்திருந்தது. அழுததால் என்றேன். உதடு சிவந்து வெடித்திருந்தது. காய்ச்சல் சூடு என்றேன். நெஞ்சில் செந்தடிப்பு. வேர்க்குரு என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. எண்ணெய்க் கையோடு வலப்பக்கம் அடிவயிற்றைத் தொட்டேன். பிள்ளை வீறிட்டாள். என் விரலுக்குக் கீழே வயிறு பலகையாக இருந்தது. எத்தனை வயிற்றைத் தொட்ட கை, இது குடலேற்றம் இல்லை என்று அந்தக் கைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாய்தான் இன்னும் அரை நாள் ஒப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவளால் நிமிர்ந்து உட்கார முடியாமல் போன பிறகுதான் டாக்ஸி பிடித்தோம்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளையோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். தாய்தான் போக வேண்டும், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். உனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, நான் போகிறேன், நீ வெளியில் இருந்து பாரத்தில் கையெழுத்துப் போடு என்று அவளை நிறுத்திவிட்டு நான் போனேன். இன்றைக்கும் அந்த வாசலை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூக்கில் குச்சிவிட்டு கோவிட் சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. எனக்குப் பாதி உயிர் திரும்பியது. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். குடல் வீங்கியிருந்தது, சுற்றிலும் நீர் கட்டியிருந்தது, குடல்வால் சரியாகத் தெரியவில்லை. அறுவை செய்கிற டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தூக்கம் இல்லாத கண். வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு மாஸ்க்குக்குள்ளிருந்து நிதானமாகப் பேசினார். குடல்வால் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும், அப்படியானால் தாமதிக்காமல் வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் சில குழந்தைகளுக்குக் கோவிட் வந்துபோன சில வாரம் கழித்து உடம்பு முழுக்க அழற்சி வருகிறது, குடல் வீங்கி இதேபோல் காட்டுகிறது, அதற்கு மருந்துதான், கத்தி தேவைப்படாது. இப்போது சோதனையில் இல்லை என்று வந்தாலும் முன்பு வந்திருக்கலாம். அதனால்தான் கேட்கிறேன், போன ஒன்றிரண்டு மாதத்தில் வீட்டில் யாருக்காவது கோவிட் இருந்ததா என்றார்.

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கோவிட் என்ற சொல் காதில் விழுந்ததும் வண்டியில் ஏறிப்போன அந்தப் பெண்தான் கண்முன் வந்து நின்றாள். ஆமாம் என்றால் பிள்ளையைத் தனி வார்டுக்குக் கொண்டுபோவார்கள், தங்கை வாசலில் நின்று கதறுவாள் என்று மட்டும்தான் ஓடியது. பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்குகிறார் என்றும் நினைத்தேன். இல்லை, யாருக்கும் இல்லை என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிலருகே குனிந்து, மகளே என்கிற மாதிரி தமீ என்று பிள்ளையைக் கூப்பிட்டு, போன மாதம் உனக்கோ அம்மாவுக்கோ காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். அவ்வளவு வலியிலும் அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மட்டும் கொஞ்சம் அகல விரித்தேன். அவள் டாக்டரைப் பார்த்து, சிரிக்காமல், "மஷிபு" என்றாள்.

அன்று ராத்திரியே அறுவை சிகிச்சை. வயிற்றைத் திறந்து பார்த்தால் குடல்வாலில் ஒரு கோளாறும் இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் சிவந்து தடித்திருந்தது, பக்கத்தில் நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன. மூடித் தைத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் ரத்த அழுத்தம் விழ ஆரம்பித்தது. இருதயம் தளர்ந்துபோகிறது என்றார்கள். 

குழந்தை மருத்துவம் பார்க்கிற பெண் டாக்டர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் என்னைத் தேடவில்லை, நேரே வெளியில் போய்த் தாயைப் பிடித்தார். வீட்டில் கோவிட் வந்ததா என்று கேட்டதும், எங்கள் எல்லாருக்கும் வந்ததே டாக்டர் என்று தங்கை சொல்லிவிட்டாள். என்னைக் கேட்க வேண்டும் என்றுகூட நினைக்காமல் சொன்னாளாம். பிள்ளை சாகக் கிடக்கும்போது அவளுக்கு எந்த ஆபீசர், எந்தக் கயிறு? அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள், நரம்பு வழியாகப் புது மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஒரு வாரத்தில் இருதயம் தேறியது. யாரும் அவளை எந்த வண்டியிலும் ஏற்றிக் கொண்டுபோகவில்லை.

பிள்ளை பிழைத்தாள், கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வயிற்றில் ஒரு நீளத் தழும்பு, அது மறைந்துபோகும் என்று தங்கைக்குச் சமாதானம் சொன்னேன். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் அவள் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தாள். கோவிட் திரும்பிவிட்டதோ என்று ஓடினோம். அது இல்லையாம். வயிற்றைத் திறந்து மூடினால் சிலருக்கு உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம், சில சமயம் மடங்கி அடைத்துக்கொள்ளுமாம். இது அந்த நோய் வைத்துவிட்டுப் போனது அல்ல, கத்தி வைத்துவிட்டுப் போனது. சோறு தண்ணீர் நிறுத்தி, மூக்கில் குழாய் போட்டு, நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதிலிருந்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை இப்படி. ஒட்டும் அரிசிப் பலகாரம் தின்றால் வலி, பலாச்சுளை தின்றால் வலி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தின்பதை ஒதுங்கி நின்று பார்க்கிற பிள்ளையாகிவிட்டாள்.

ஒவ்வொரு தடவையும் தங்கை அந்த முதல் டாக்டரைச் சபிப்பாள். கத்தியை எடுக்கிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அவன் கை விளங்குமா என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு வருஷம் கேட்டேன். ஊரெல்லாம் வாயாடுகிறவள், நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். ஒரு தடவை, போகட்டும் விடு, அவருக்கு என்ன அவசரமோ என்றுகூடச் சொன்னேன். என்னைவிடக் கேவலமான பிறவி தாமுவேயில் இருக்குமா என்று தெரியவில்லை.

வயிறு தட்டுவதை விட்டுவிட்டேன். மணிக்கட்டு வலிக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். முதலில் நம்பவில்லை, இப்போது யாரும் வருவதில்லை.

இந்த மழைக்காலத்தில், அவளுக்குப் பத்து வயது முடிந்த பிறகு, பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. வகுப்பிலேயே சுருண்டு விழுந்துவிட்டாளாம். நானும் தங்கையும் ஓடினோம். வலி அன்றைக்கு வந்தது இல்லை, இரண்டு நாளாக இருந்திருக்கிறது. சாப்பிட்டதாகப் பாசாங்கு செய்து சோற்றைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். ஏன்டி சொல்லவில்லை என்று தங்கை உலுக்கி உலுக்கிக் கேட்டாள், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி, பொறுமைசாலி. இந்தத் தடவை குழாயோடு போகுமா, இல்லை மறுபடி திறக்க வேண்டி வருமா என்று ஒரு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். முதல் அறுவை எதற்காக நடந்தது என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள். தங்கை வழக்கம்போல ஆரம்பித்தாள். கேட்காமல் கொள்ளாமல் வெட்டிவிட்டான் பாவி என்று பர்மியத்தில் அவள் அழ அழ, அந்தப் பெண் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே போனாள். எழுதுகிறாள். ஒரு பொய்யைக் கொண்டுவந்து காகிதத்தில் வைக்கிறோம், மறுபடி இந்தப் பிள்ளையின் வயிற்றைத் திறப்பார்களோ என்று தெரியாத நாளில். அதற்கு மேல் என்னால் விழுங்க முடியவில்லை.

"அவர் கேட்டார்டி," என்றேன் தங்கையிடம், தமிழில். "என்னைத்தான் கேட்டார். கோவிட் வந்திருந்தா கத்தி வேணாம்னு விளக்கமா சொல்லிட்டுத்தான் கேட்டார். நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அழுகை மட்டும் நின்றுவிட்டது. நாலு வருஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். டாக்டருக்கு எங்கள் தமிழ் புரியவில்லை, பேனாவைப் பிடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது கட்டிலிலிருந்து பிள்ளை பேசினாள். மூக்குக் குழாயால் குரல் அடைத்திருந்தது.

"பெரியம்மாவைத் திட்டாத மேமே. என்னையும் கேட்டாங்க. நானும் மஷிபுன்னு சொன்னேன். நான் பொய் சொன்னதுக்குத்தானே வெட்டினாங்க."

 பிறகு அவளாகவே, தமிழும் பர்மியமுமாகக் கலந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டரிடம் பொய் சொன்னதால்தான் வயிற்றை வெட்டினார்கள் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். வலி வரும்போதெல்லாம் அதற்கான தண்டனைதான் வருகிறதாம். தன் தப்புக்கு வருகிற வலியை மேமேயிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் மேமே அந்த டாக்டரைத் திட்டி அழுகிறாள், பாவம் அவர் என்றாள். அதனால் தாங்குகிற வரை தாங்கிப் பார்ப்பாளாம். ஆறு வயதிலிருந்து இதை வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் விழுங்கியதெல்லாம் என்னோடு போயிற்று என்று நினைத்திருந்தேன்.

நான் கட்டில் பக்கம் போனேன். அவள் கையைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் தொட்டேன்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லடா கண்ணு. சொல்லச் சொன்னது நான். தப்பு முழுக்க என்னோடது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை. தலையைத் திருப்பி மேமேயைப் பார்த்தாள். தங்கை ஆமாம் என்று தலையசைத்த பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டாள்.